படிக்கிற டொக்டரின் கையும் உங்கள் கண்ணும்

வன்னி நேயர்களுக்கு வணக்கம்.

மாங்குளம், முள்ளியவளைப் பக்கமிருந்து கண்ணில் வெள்ளை படர்ந்து, அதாவது கண்புரையோடு, வரும் ஐயாமார், அம்மாமார் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "டொக்டர், படிக்கிற பிள்ளையளோ வெட்டப்போகினம்?" நியாயமான பயம். இன்றைக்கு அதற்கே பதில் சொல்கிறேன்.

கண் சத்திரசிகிச்சை படிக்க வருகிறவர் ஏற்கெனவே டொக்டர்தான். ஆனாலும் முதலில் அவர் கைக்கு வருவது ஆட்டுக் கண்ணோ பன்றிக் கண்ணோதான். அதை நுணுக்குக்காட்டியின் கீழ் இறுக்கி வைத்து வெட்டவும் தைக்கவும் பழகுவார். காலும் பழக வேண்டும். ஒரு பாதம் நுணுக்குக்காட்டியின் மிதியில். மற்றது புரையை உடைத்து உறிஞ்சும் இயந்திரத்தின் மிதியில்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒரு வட்டம். கண்வில்லையை மூடி, வெங்காயச் சருகைவிட மெல்லிய பை ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் சுமார் 5 மில்லிமீற்றர் அகலத்துக்கு வட்டமாகக் கிழிக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து, கொஞ்சம் இழுத்து, விட்டு, திரும்பக் கிட்டப் பிடித்து... அவசரப்பட்டால் கிழிசல் வெளிப்பக்கம் ஓடிவிடும். புரை என்பது மங்கிப்போன கண்வில்லைதான்; அதை எடுத்துவிட்டு வைக்கும் புது வில்லை இருக்கப்போவதே அந்தப் பைக்குள்தான்.

மனிதக் கண்ணிலும் முழுவதையும் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. பல இடங்களில் கடைசிப் படிகளே முதலில் கிடைக்கும்: ஆசிரியர் புரையை எடுத்துக் கொடுப்பார், இவர் வில்லையை வைப்பார். மற்றப் படிகள் ஒவ்வொன்றாகப் பிறகு வரும். அதே நுணுக்குக்காட்டியின் இன்னொரு கண்வழியாக ஆசிரியர் பார்த்துக்கொண்டேயிருப்பார். தேவைப்பட்ட கணத்தில் கருவியை வாங்கிக்கொள்வார்.

"நல்லா முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்று எங்கள் பக்கத்தில் இன்னும் காத்திருக்கிறார்கள். பழைய முறைக்கு அது சரி. இப்போது புரை முத்தினால் வேலை கடினம். கண்ணின் உள்ளிருந்து திரும்பி வரும் சிவப்பு ஒளியில்தான் அந்த வட்டத்தின் ஓரம் தெரியும். முழுக்க வெளுத்த கண்ணில் அந்த ஒளி வராது. நீலச் சாயம் பூசித்தான் பையைப் பார்க்க வேண்டும். அப்படியான கண் அனுபவசாலியின் கைக்கே போக வேண்டும். பார்வை மங்கி, அன்றாட வேலை தடைப்படத் தொடங்கும்போதே வாருங்கள்.

பெரும்பாலும் கண்ணை மட்டும்தான் விறைக்கப்பண்ணுவார்கள், நீங்கள் விழித்திருப்பீர்கள். இருமல் வந்தால் முதலே சொல்லுங்கள், கருவியை வெளியில் எடுத்துவிட்டுப் பொறுப்பார்கள். யார் செய்வது, பக்கத்தில் யார் நிற்பது என்றும் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நன்றி, வணக்கம்.