யாருடைய பணம், எத்தனை மாதம்?

(முதுகலை மாணவர்களுக்கான வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் வந்து உட்காருங்கள், முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் அப்படித்தான்.

பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் நம் வீடுகளில் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று புரொஃபசர், இன்னொன்று ஆபீஸ். ஆனால் ஆராய்ச்சித் திட்டங்களை நம்பி ஒரு கூட்டமே அங்கே இருக்கிறது: புராஜெக்ட் அசோசியேட், ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர், ரிசர்ச் அசிஸ்டென்ட். எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்த கையோடு நீங்கள் நுழையக்கூடிய வாசல் பெரும்பாலும் இதுதான்.

என் கையில் இருப்பது அப்படி ஒரு விளம்பரம். ஒரே பக்கம். சம்பளத்தைப் பார்ப்பீர்கள், கடைசித் தேதியைப் பார்ப்பீர்கள், அதோடு சரி. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘இப்பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடியும்போது முடிவடையும்.’ அதைப் படியுங்கள். இந்தச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் பணம் இல்லை. டி.எஸ்.டி., ஐ.சி.எம்.ஆர்., ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். மாதிரி ஆராய்ச்சிக்கு நிதி தரும் ஒரு மத்திய அரசு அமைப்பு, ஒரு பேராசிரியரின் திட்டத்துக்குக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கிற பணம். மூன்று வருடத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர் பாதியில் வேறு வேலைக்குப் போயிருப்பார். மிச்சமுள்ள மாதங்களுக்குத்தான் உங்களைத் தேடுகிறார்கள். நேர்காணல் முடிவில் “ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். “இல்ல சார்” என்றே நாம் பழகிவிட்டோம். கூச்சப்படாமல் கேளுங்கள்: “இன்னும் எத்தனை மாதம் பாக்கி இருக்கு, சார்?”

நான் கேட்கவில்லை. சேர்ந்த நான்காம் மாதமே சம்பளம் நின்றது. முந்தைய தவணையின் செலவுக் கணக்கும், பணம் உரிய வேலைக்கே செலவானது என்கிற யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டும் போனால்தான் அடுத்த தவணை வரும். அந்தக் கோப்பு ஏதோ ஒரு மேசையில் படுத்துக்கிடந்தது. ஐந்து மாதம் கழித்து மொத்தமாக வந்தது. அதுவரை மெஸ் அண்ணனின் கணக்கு நோட்டில் எனக்கென்று தனிப் பக்கம்! அந்த மனிதர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அப்புறம், பிஎச்.டி. பற்றி. 2024 ஜூன் முதல், தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் மூன்று நிலைகள். மேலே ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை; அடுத்து உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை; கடைசியில் பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு நிலைகளுக்கும் நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். நெட் மூலம் மாத உதவித்தொகை வருவது ஜே.ஆர்.எஃப்.காரர்களுக்கு மட்டும்: முதல் இரண்டு ஆண்டு 37,000 ரூபாய், பிறகு 42,000. இதுபோக வீட்டு வாடகைப்படி.

இங்கேயும் அதே கணக்கைப் போடுங்கள். உதவித்தொகை ஐந்து ஆண்டு. பட்டத்துக்கு விதி தரும் அவகாசமோ ஆறு ஆண்டு. அந்த ஆறாவது ஆண்டில் டியூஷன் எடுத்துக்கொண்டே ஆய்வேடு எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு கைடிடம் சேருமுன், அவருடைய பழைய மாணவர்கள் இருவரிடம் டீக்கடையில் பேசுங்கள்: எத்தனை வருடத்தில் முடித்தீர்கள், எழுதிக்கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வந்தது? இணையதளத்தில் இதெல்லாம் கிடைக்காது.

வெளியே பலகையில் நான்கு விளம்பரங்கள் ஒட்டியிருக்கிறேன். இடப்பக்கம் இருப்பதற்கு இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.