கோர்ட்டுக்கே போகமாட்டேன்னு கையெழுத்துப் போட்ட டிவோர்ஸ் வக்கீல்!

ஒரு டிவோர்ஸ் வக்கீல். "சார், கோர்ட்லயே பாத்துக்கலாம்"னு கட்சிக்காரர் சொன்னா, "அப்போ வேற வக்கீல் வச்சுக்கோங்க"ன்னு கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துடுவார். இப்படித் தொழில் பண்ண முடியுமா? ஒருத்தர் பண்ணினார். கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியான்னு அந்த முறை இன்னிக்குப் பரவியிருக்கு.

[திரையில்: மினியாபொலிஸ், 1990]

அவர் பேரு ஸ்டூ வெப். அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துக் குடும்ப வழக்கு வக்கீல். கோர்ட் சண்டை குடும்பங்களைச் சிதைக்கிறதைப் பாத்து மனசு விட்டுப்போய், 1990-ல 'இனிமே சமரசம் மட்டும்தான்'னு முடிவெடுத்தார். அதுதான் கொலாபரேட்டிவ் டிவோர்ஸ். 2001-ல டெக்சாஸ் இதுக்குச் சட்டமே போட்டுச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். கணவன், மனைவி, ஆளுக்கொரு வக்கீல். நாலு பேரும் ஆரம்பத்துலயே ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவாங்க. அதுல ஒரு ஷரத்து: ரெண்டு பேர்ல யார் சண்டை போட கோர்ட்டுக்குப் போனாலும், ரெண்டு வக்கீலும் விலகிடணும். புது வக்கீல், புது ஃபீஸ், எல்லாம் முதல்லேர்ந்து.

இதை நான் படிச்சப்போ நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதான் ஞாபகம் வந்துச்சு. சமாதானம் பேச வந்தவர் வண்டிக்குள்ள அரிவாளை வச்சிருக்கார்னு வைங்க. அவர் அதை எடுக்கவே வேண்டாம். இருக்குன்னு தெரிஞ்சாலே எதிர்ல இருக்கறவருக்குப் பேச்சு வராது. "கோர்ட்ல பாத்துக்கறேன்"ங்கறதுதான் அந்த அரிவாள். வெப் சொன்னது: அரிவாளை வீட்லயே வச்சுட்டு வாங்க. எடுக்கப் போனா, உங்க ஆளும் உங்க கூட இருக்க மாட்டார். சண்டை கோர்ட்டுக்குப் போனா அந்த வக்கீலுக்கும் வருமானம் இல்ல, அவர் மூளை முழுக்க சமரசத்துலதான் ஓடும். அடேங்கப்பா, ஒரே ஒரு ஷரத்து!

மீடியேஷனும் இதுவும் ஒண்ணான்னு கேப்பீங்க. இல்ல. மீடியேட்டர்ங்கறவர் நடுவுல உக்காந்து சமரசம் பேசறவர், ரெண்டு பேருக்கும் பொதுவானவர். இங்க உங்களுக்குன்னு ஒரு வக்கீல் பக்கத்துலயே உக்காந்திருப்பார். வீடு, கடன், பென்ஷன் கணக்குக்கு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே நிதி ஆலோசகர். குழந்தை மனசுல என்ன இருக்குன்னு கேட்டுச் சொல்ல ஒரு நிபுணர். இந்தக் கடைசி ஆளுக்காகவே இந்த முறையை நான் ஆதரிப்பேன்.

ஆனா ஒரு ஆபத்து இருக்கு. கையில காசு இருக்கறவர் பாதியில எழுந்து போயிட்டா, இன்னொருத்தரும் தன் வக்கீலை இழக்கணும். அடி, உதை, மிரட்டல் இருக்கற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். தயவுசெஞ்சு உடனே பாதுகாப்பு தேடுங்க.

இந்தியாவுல? இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருஷமாவது பிரிஞ்சு இருந்திருக்கணும். மனு போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும். தகுந்த காரணம் இருந்தா அந்த ஆறு மாசத்தைக் கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கடைசி உத்தரவு கோர்ட்தான் தரணும், அமெரிக்காவுலயும் அப்படித்தான். ஆனா நகை, வாடகை வீடு, ஞாயித்துக்கிழமை குழந்தை யார்கிட்டங்கறதெல்லாம் படியேறறதுக்கு முன்னாடியே பேசி எழுதி வச்சுக்கலாம்.

குடும்ப நீதிமன்ற வக்கீல்கள் யாராவது பாத்தா, இந்த ஷரத்துல நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க. ஒவ்வொண்ணா படிக்கறேன்.