நாலு மணிக்கு எழுந்த பிள்ளைகள்

(கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘தங்கவயல் வரலாறு’ என்று போட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாத வரலாறா? 1880இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்தது. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001இல் மூடிவிட்டார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஏதாவது ஒரு பிள்ளை இதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு போகும். அதில் ஒரு மனுஷ முகம்கூட இருக்காது.

நான் வேறு மாதிரி கேட்டுப் பார்க்கிறேன். இந்த ஊரில் இருபது வயசுப் பிள்ளை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எங்கே போனது?

நூறு வருஷத்துக்கு முன்னால் அவன் வட ஆற்காட்டிலிருந்தோ சேலத்துப் பக்கத்திலிருந்தோ வந்தவன். பெரும்பாலும் சேரிப் பிள்ளை. ஊரில் பண்ணையார் கூப்பிட்ட நேரத்துக்குப் போனவன், இங்கே சங்கு ஊதிய நேரத்துக்குப் போனான். பெரிய விடுதலை ஒன்றும் இல்லை. தட்டிக் குடிசை, மேஸ்திரியிடம் கடன். ஆனால் ஷிஃப்ட் முடிந்தால் சாயங்காலம் அவனுடையது. அந்தச் சாயங்காலத்தில்தான் இங்கே மாரிக்குப்பத்தில், சாதியை எதிர்த்து எழுதிய பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் கூடியது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்த பிறகு இந்த ஊரிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத் தூசியோடு வந்து உட்கார்ந்து கேட்ட பையன்கள் இருந்ததால்தான் ஒரு பத்திரிகை இங்கே பிழைத்தது. 1930இல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகை எடுக்க வந்தபோது ஊரே வேலைநிறுத்தம் செய்ததே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன். ரேகை திருடனிடம் வாங்குவது. நாங்கள் திருடர்களா என்று கேட்க ஒரு தலைமுறை சாயங்காலங்களில் பழகியிருந்தது.

என் சின்ன வயசுக்கு வருகிறேன். லைன் வீடு. ஒரே அறை, அதிலேயே அடுப்பு. அப்பா கூண்டில் இறங்குவார். அடியில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். கீழே பாறை வெடித்தால் மேலே எங்கள் பரணில் அலுமினியப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். எங்களுக்கு அது விளையாட்டு. எந்தப் பாத்திரம் முதலில் விழும் என்று பந்தயம் கட்டுவோம். அம்மா மட்டும் பேசாமல் எழுந்துபோய் வாசலில் நிற்பார். எந்த ஷிஃப்ட் என்று விரலில் எண்ணுவார்.

அந்தக் காலத்துப் பையன்களில் பாதிப் பேர் ஒழுங்காகப் படிக்கவில்லை. ‘எப்படியும் மைன்ஸ் இருக்குடா’ என்பதுதான் பேச்சு. 1964க்குப் பிறகு பெமல் வந்தது, மண் வாரும் இயந்திரங்கள் செய்யும் அரசுக் கம்பெனி. பெமலில் வேலை கிடைத்தவனுக்குப் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கிடைக்காதவன் அப்பாவின் வேலைக்குக் காத்திருந்தான்.

2001 பிப்ரவரி கடைசியில் அந்தக் காத்திருப்பு முடிந்தது. அன்று இருபது வயசாக இருந்தவன் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டான். அவனைக் கேளுங்கள், ஊர் செத்த நாள் அது என்பான். அவனுக்கு அது உண்மை.

இங்கே பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். அதே நாளை அன்று பத்து வயசாக இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டால் வேறு கதை வருகிறது. நமக்குத் தெரிந்த காலத்தில் சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கியதில்லை. பெண்பிள்ளைக்கு அந்த ஊரில் மகள், மனைவி, விதவை என்றுதான் வேடம். மைன்ஸ் மூடியதும் சம்பளம் நின்றது; வீட்டில் யார் சம்பாதித்தாலும் சரி என்று ஆனது. சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு அவளும் பெங்களூர் வேலைக்கு ரயிலேறினாள்.

விடியற்காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். கைக்குட்டை போட்டுப் பிடித்த சீட்டு. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களுக்காக யாராவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஈரத் தலையோடு ஏறிய பெண் பங்காரப்பேட்டை தாண்டித்தான் பின்னலே போடுவாள். தூங்குகிறவன் பக்கத்தில் இருப்பவன் தோளில் தூங்குவான். யாரும் தப்பாக நினைப்பதில்லை. பெங்களூருக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூறு கிலோமீட்டர். ராத்திரி திரும்பும்போது அதே தோள். இந்த இருபத்தைந்து வருஷத்தைப் பற்றி யாரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லையே என்பது என் வருத்தம். சயனைடு மேட்டில், அதாவது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் குன்றில், இன்னும் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

என் தங்கை மகள் அந்த ரயிலில்தான் போகிறாள். எங்கள் வீட்டில் ஒரு தகர டப்பா உண்டு. அப்பாவின் மைன்ஸ் டோக்கன் அதில்தான் கிடக்கிறது. போன மாதம் திறந்தால் அவளுடைய பழைய சீசன் டிக்கெட்டுகளும் அதற்குள் இருந்தன. எனக்கு நெஞ்சு அடைத்துப்போய், “ஏம்மா இதுல வெச்சிருக்க?” என்றேன்.

“வேற எங்க மாமா வெக்கிறது, இந்த வீட்ல எடம் எங்க இருக்கு?” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டாள்.