கை போகாத இடத்தில் ஒரு போல்ட்: என்ன செய்யலாம்?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதையே வேறு வேறு விதமாக நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, ஸ்டார்ட்டர் மோட்டாரை நானே மாற்றலாம் என்று இறங்கினேன். கீழ் போல்ட் இரண்டு நிமிடத்தில் கழன்றுவிட்டது. மேல் போல்ட் இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) நடுவில் இருக்கிறது, கண்ணுக்கே தெரியவில்லை. விரல் நுனி படுகிறது, ஸ்பேனரை வைத்தால் திருப்ப இடமில்லை. இரண்டு நாள் போராடிவிட்டேன், கையெல்லாம் கீறல். யார் இப்படி வைத்தது? இல்லை, எனக்குத்தான் இந்த வேலை வரவில்லையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை வரவில்லை என்றெல்லாம் இல்லை, தம்பி. இருபது வருடம் இதே வேலையில் இருப்பவருக்கும் அந்தப் போல்ட் கண்ணுக்குத் தெரியாது. அவருடைய கையும் உங்கள் கை அளவுதான். அவர் வேறு வழியில் போகிறார், அவ்வளவுதான். அந்த வழியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

யார் இப்படி வைத்தது என்றால், கார் தொழிற்சாலையில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இன்றைய பெரும்பாலான கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் வெளியே தனியாக நிற்கும்போதே ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், வயர், ஹோஸ் எல்லாம் மாட்டப்பட்ட பிறகுதான், மொத்தமாக பாடிக்குக் கீழே கொண்டுவந்து மேலே ஏற்றுகிறார்கள். நீங்கள் இரண்டு நாள் தேடிய அந்தப் போல்டை மாட்டியவருக்கு நாலு பக்கமும் திறந்த வெளி. அவருக்கு அது பத்து வினாடி வேலை. பாடி வந்து மூடிய பிறகுதான் அது ஒளிந்துகொண்டது. இதோடு இன்ஜினைக் குறுக்காக வைக்கும் அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1959-இல் மினி கார் வந்தபோது அலெக் இஸிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே வைத்து, சின்ன வண்டிக்குள் நாலு பேர் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். இன்ஜினைக் குறுக்காக வைக்கிற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. உள்ளே உட்காருகிறவருக்குக் கிடைத்த அந்த இடம் பானெட்டுக்கு அடியில் இருந்துதான் போனது. அப்புறம் ஏசி, ஏபிஎஸ், புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் என்று ஒவ்வொன்றாக வந்து மிச்ச இடத்தையும் பிடித்துக்கொண்டன.

உங்களுடையதாவது பக்கவாட்டில் இருக்கிறது. காடிலாக்கின் நார்த்ஸ்டார் வி8 இன்ஜினில் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப் பள்ளத்தில் படுத்திருக்கும். முதல் லெக்ஸஸ் எல்எஸ்400-லும் அப்படித்தான். மேனிஃபோல்டைத் தூக்காமல் அதைத் தொடவே முடியாது. ஒரு வகையில் அது நல்லது என்பேன். வேறு வழியே இல்லை என்று தெரிவதால், யாரும் இடுக்கில் கையை விட்டு மல்லுக்கட்ட மாட்டார்கள். முதலிலேயே மேலே இருப்பதைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

நம்மை மாட்டிவிடுவது 'கை கொஞ்சம் போகிறது' என்கிற இடம்தான். விரல் படுகிறதே, இன்னும் ஒரு அங்குலம் போனால் பிடித்துவிடலாமே என்று ஒரு நப்பாசை. அந்த ஒரு அங்குலத்துக்காக அரை நாள் போகும். நானும் ஒரு ஹெட்லைட் பல்பில் இப்படி அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். பல்பைப் பிடித்திருக்கும் அந்தக் கம்பி கிளிப் பேட்டரிக்குப் பின்னால் இருந்தது, இரண்டு விரல்தான் போகும், கிளிப்பைத் தள்ளினால் நழுவும், மறுபடி தேடினால் எந்தப் பக்கம் கொக்கி என்றே தெரியாது. கடைசியில் கோபத்தோடு பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தேன். இரண்டு டெர்மினல், பிடித்து வைக்கும் ஒரு கிளாம்ப், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வைத்துவிட்டுப் பார்த்தால் கிளிப் நேர் எதிரே கண் முன்னால் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான்: ஒரு போல்டில் கால் மணி நேரம் போனால், கையை வெளியே எடுத்துவிட்டு, வழியில் எது நிற்கிறது என்று பார்ப்பேன். வழியில் நிற்பதைக் கழற்றுவதும் அந்த ரிப்பேரில் சேர்ந்ததுதான். அதைத் தனி வேலை என்று நினைப்பதால்தான் நமக்கு எரிச்சல் வருகிறது.

இப்போது உங்கள் வண்டி. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியாகிவிட்டதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, பெரும்பாலான வண்டிகளில் நடுவில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் அந்த முனையிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் பொறி பறக்கும், கை வெந்துவிடும். ஸ்பேனர் எங்கே படுகிறது என்றே தெரியாத இடத்தில் இதை யோசிக்காமல் இருக்கக் கூடாது. அதே மாதிரி, வண்டிக்கு அடியில் போகிறீர்கள் என்றால் ஜாக்கியை நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பெரிய குழாயையும் கழற்றிவிடுங்கள். நிறைய வண்டிகளில் அதற்கு அடியில்தான் கியர்பாக்ஸின் மேல்பக்கம் இருக்கும். மேல் போல்டின் தலை கியர்பாக்ஸ் பக்கம் பார்த்திருந்தால், மேலிருந்து கையை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி இரண்டை ஒன்றோடு ஒன்று கோத்து, நுனியில் எந்தப் பக்கமும் வளையும் யூனிவர்சல் ஜாயின்ட், அதில் போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் சாக்கெட், இப்படி கியர்பாக்ஸின் மேலாகவே தூரத்திலிருந்து நுழைத்துவிடலாம். ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறு திசையில் சும்மா திரும்பும் ராட்செட் கைப்பிடி வெளியே, உங்கள் கை தாராளமாக ஆடும் இடத்தில் இருக்கும். யூனிவர்சல் ஜாயின்ட் தொளதொளவென்று தொங்கி உயிரை வாங்கும், அதைச் சுற்றி இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், ஓரளவு விறைப்பாக நிற்கும், தேவைக்கு வளையவும் செய்யும். ஆறு முனை சாக்கெட்டையே போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் சுலபமாக உட்காரும், ஆனால் துருப்பிடித்த தலையில் வழுக்கி அதை மழுங்கடித்துவிடும், மழுங்கிய தலை அந்த இடுக்கில் இருந்தால் அப்புறம் பெரிய வேலைதான்.

சாக்கெட்டுக்கு வழியே இல்லை, ஸ்பேனர்தான் என்றால், எவ்வளவு கோணம் திரும்புகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை எடுத்து மறுபடி பிடிக்கக் குறைந்தது 30 டிகிரி திரும்ப வேண்டும். 72 பல் ராட்செட்டுக்கு 5 டிகிரி போதும். நீங்கள் 'திருப்ப இடமில்லை' என்று சொல்வது பெரும்பாலும் இந்த 30 டிகிரி இல்லை என்பதுதான். பல் நெருக்கமான, தலை மெலிந்த ராட்செட் ஒன்று இருந்தால் அதே இடத்தில் வேலை நடந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாததை விரலால் பார்க்கப் பழக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போல்ட் தலையின் ஆறு பக்கத்தையும் தடவிப் பாருங்கள், சாக்கெட் முழுக்க இறங்கியிருக்கிறதா, அல்லது நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். ஒரு கையால் சாக்கெட்டை அழுத்திப் பிடித்து, மறு கையால் திருப்புங்கள். இன்னொன்று, தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் நமக்கு இடவலமே குழம்பும். கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டே போய் போல்டை முறித்தவர்கள் உண்டு. அதனால் கையை உள்ளே விடுமுன் ஒரு தடவை வெளியே, காற்றில், அதே திசையில் திருப்பிப் பாருங்கள்.

கழற்றுவதைவிடத் திரும்ப மாட்டுவதுதான் எனக்குப் பயம். போல்டை நுழைக்கும்போது அது சாக்கெட்டிலிருந்து நழுவி, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் 'டக்' என்று விழும் சத்தம் கேட்டால் அப்படியே மனசு உட்கார்ந்துவிடும். சாக்கெட்டுக்குள் ஒரு சொட்டு கெட்டி கிரீஸ், அல்லது ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் போல்டை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் முதல் நாலைந்து மரை விரலாலேயே ஏற வேண்டும். ஸ்டார்ட்டர் போய் உட்கார்வது பெரும்பாலும் அலுமினிய கியர்பாக்ஸில், போல்ட் இரும்பு. பிசகிய மரையில் ராட்செட் போட்டு முடுக்கினால் அலுமினியம் எதிர்ப்பே காட்டாமல் வெட்டுப்பட்டுப் போகும், நமக்குத் தெரியவே தெரியாது. முதலில் போல்டை இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள், மரையின் முனை வரும்போது லேசாக ஒரு சரிவு விரலில் படும், அந்த இடத்திலிருந்து வலப்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு ஏறும். இதில் மட்டும் அவசரமே படாதீர்கள்.

எப்போது விட்டுவிட வேண்டும் என்றும் ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். போல்ட் தலை வழுக்க ஆரம்பித்தால், அதுதான் இடம். முழுசாக மழுங்குவதற்கு முன் மெக்கானிக்கிடம் போனால் அவருக்கு அது சாதாரண வேலை. மழுங்கிய பிறகு போனால் வெல்டிங், டிரில் என்று போகும். துரு பிடித்ததாக இருந்தால் முந்தின இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள்.

தம்பி, இரண்டு நாள் வலியோடு இன்றைக்கே மறுபடி இறங்காதீர்கள். நாளைக் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய மோட்டார் வெளியே வந்ததும், அது உட்கார்ந்திருந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்டார்ட்டருக்குத் தனி நெகட்டிவ் வயர் கிடையாது, அந்த உலோக முகம் வழியாகத்தான் மின்சாரம் திரும்பிப் போகிறது. அங்கே துருவும் அழுக்கும் இருந்தால் புது மோட்டாரும் சோர்ந்துதான் சுற்றும், மேல் போல்டை மறுபடி கழற்ற வேண்டி வந்துவிடும்.