காலையில மட்டும் 'டிக் டிக்': கெட்டி ஆயில் ஊத்தலாமா?

சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. காலையில கார் ஸ்டார்ட் பண்ணா 'டிக் டிக்'னு சத்தம். தோட்டத்து செம்மண் ரோட்டத் தாண்டி பெரிய ரோட்டுல ஏறுறதுக்குள்ள, ஒரு அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது. கெட்டியா 20டபிள்யூ-50 நம்பர் இஞ்சின் ஆயில் ஊத்தலாமான்னு கேக்குறாரு.

வேணாண்ணே. ஆறிக் கிடக்குற இஞ்சின்ல கெட்டி ஆயில் மேல ஹெட்டுக்கு, அதான் இஞ்சினோட மேல் பாகத்துக்கு, ஏற இன்னும் நேரமாகும். அதுவரைக்கும் டேப்பெட் (வால்வத் தள்ளித் திறக்குற பாகம்) காய்ஞ்சு அடிக்கும். மேனுவல்ல போட்டிருக்குற நம்பர் ஆயிலையே ஊத்துங்க.

நீங்க இதக் கேட்டிருக்கணும்: சத்தம் எப்ப வருது, எப்ப போகுது? வழக்கமா பார்க்குறவங்களுக்கு அலுத்திருக்கும், இவன் இதத்தான் சொல்லுவான்னு. பரவால்ல. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூணு செகண்டுல போனா, ராத்திரி டேப்பெட்லேர்ந்து ஆயில் இறங்கியிருக்கும், பயப்பட வேணாம். சூடான பிறகும் விடாம அடிச்சா ஆயில் அளவு, வால்வு இடைவெளி ரெண்டையும் பார்க்கணும். அஞ்சு நிமிஷம் அடிச்சு நிக்குதுன்னா எனக்கு முதல் சந்தேகம் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு (இஞ்சின் புகைய வெளிய கொண்டு போற குழாய்) கேஸ்கெட் மேலதான்; ஹெட்டும் மேனிஃபோல்டும் சேர்ற இடத்துல கசியாம அடைக்குற தகடு அது. மேனிஃபோல்டு சூடாகி விரிஞ்சதும் சந்து தானா அடைபடும், சத்தமும் அடங்கிடும்.

சத்தத்த எண்ணிப் பார்த்து கண்டுபிடிக்கலாம்னு சிலர் சொல்றாங்க. வால்வுகளத் திறக்க வைக்குற கேம்ஷாஃப்ட் தண்டு இஞ்சின் வேகத்துல பாதிதான் சுத்தும். இஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்துனா ஒரு வால்வு 400 தடவ தட்டும். ஆனா ஒரு சிலிண்டர்ல புகை கசிஞ்சாலும் அதே 400தான்! எண்ணி என்ன பண்றது?

முதல்ல டிப்ஸ்டிக், ஆயில் அளவு பார்க்குற குச்சி. சமதரையில நிறுத்தி, இஞ்சின அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. நிறைய கார்ல கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும்.

அடுத்தது ரப்பர் ஹோஸ், ஒரு மீட்டர் போதும். இஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி, ஒரு முனைய காதுல வச்சு, மறு முனைய மேனிஃபோல்டு ஓரமா நகர்த்துங்க. கசியுற இடத்துல 'சுக் சுக்'னு காத்தோட கேக்கும். ஸ்க்ரூட்ரைவர காதுல வச்சா இரும்பு அடிக்கிறது கேக்கும், காத்து கசியுறது சரியா கேக்காது. பெல்ட், ஃபேன் பக்கம் கைய விடாதீங்க. கேஸ்கெட் ஓரத்துல கரி படிஞ்சிருந்தா பெரும்பாலும் அதேதான்.

ஓடும்போது மட்டும் டிக்குன்னு கேட்டு, நிறுத்தினா இல்லைன்னா டயரப் பாருங்க. தோட்டத்து ரோட்டுல கல் மாட்டாம இருக்குமா!

'டிக்' போய் 'டொக் டொக்'னு ஆனாலோ, ஆயில் விளக்கு எரிஞ்சாலோ, அந்த இடத்துலயே அணைங்க. வொர்க்ஷாப் வரைக்கும் ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க.

கேஸ்கெட் மாத்துறதா இருந்தா முந்தின ராத்திரியே ஸ்டட்ல (மேனிஃபோல்ட ஹெட்டோட பிடிச்சு வைக்குற போல்ட்) துரு இளக்குற எண்ணெய் அடிச்சு வைக்கச் சொல்லுங்க. துருப்பிடிச்ச ஸ்டட் ஹெட்டுக்குள்ளயே உடைஞ்சா, கேஸ்கெட் விலைய விட அதக் கழட்டுற கூலி அதிகம்.