பஸ்ஸில் ஏறாதவர்கள்: நாத்திகர்களுக்குப் பொதுவான அஜெண்டா உண்டா?

[திரையில்: பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பழைய கோட்டோவியம்]

வணக்கம்.

1880, லண்டன். நார்த்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்த சார்லஸ் பிராட்லா பதவியேற்க நாடாளுமன்றத்துக்கு வருகிறார். உறுப்பினர் ஆவதற்குக் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். இவரோ ஊரறிந்த நாத்திகர். "சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்கிறேன்" என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். சரி, சம்பிரதாயம்தானே, சத்தியமே செய்துவிடுகிறேன் என்றார். கடவுளை நம்பாதவர் செய்யும் சத்தியத்துக்கு என்ன மதிப்பு, அதுவும் முடியாது என்றார்கள். வெளியே போக மறுத்தவரை மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்து வைத்தார்கள். அப்புறம் பதவி பறிபோனது. தொகுதி மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவை திரும்பத் திரும்பத் தடுத்தது. 1886இல்தான் அவரால் அங்கே போய் உட்கார முடிந்தது.

ஒரே ஓர் ஆள் பதவியேற்பதற்கு ஏன் ஆறு ஆண்டு இழுபறி? கடவுள் இல்லை என்கிறவருக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் அதில் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சந்தேகம் இன்றும் உயிரோடு இருக்கிறது. "நாத்திகர்களுக்கு ஓர் அஜெண்டா இருக்கிறது, எல்லாரும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அதற்குப் பிராட்லாவின் சொந்த வட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது.

அவர் 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைத் தொடங்கியவர். ஆங்கிலத்தில் 'செக்யூலரிசம்' என்ற சொல்லை 1851இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹோலியோக். இருவரும் ஒரே முகாம் என்றுதான் வெளியில் இருந்து பார்ப்பவர் நினைப்பார். ஆனால் 1870இல் இந்த இருவரும் மேடை போட்டு எதிரெதிராக விவாதித்தார்கள். தலைப்பு என்ன தெரியுமா? மதச்சார்பின்மை என்றால் நாத்திகமா, இல்லையா என்பது. ஆமாம் என்றார் பிராட்லா. கடவுள் கேள்வியைத் தொடாமலே இந்த உலக வாழ்க்கையைச் சீர்செய்யலாம், நம்பிக்கையுள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் ஹோலியோக். ஆக, அடிப்படைக் கேள்வியிலேயே இரண்டு கட்சி.

[திரையில்: அன்னி பெசன்ட்டின் இளவயதுப் படம்]

அடுத்து, பிராட்லாவின் நெருங்கிய சகா அன்னி பெசன்ட். ஆமாம், நமக்குத் தெரிந்த அதே அடையாறு அன்னி பெசன்ட்தான். கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலைத் துணிந்து வெளியிட்டதற்காக 1877இல் இருவரும் ஒன்றாகக் கூண்டில் ஏறியவர்கள். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், குற்றப்பத்திரிகையில் இருந்த சட்டக் குறையால் தப்பித்தார்கள். அதே ஆண்டு, பிராட்லாவின் தலைமை பிடிக்காத ஒரு குழு பிரிந்துபோய்ப் போட்டிச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தது.

1884இல் பிராட்லா மேடையேறி, சோஷலிசம் இங்கிலாந்து மக்களுக்கு உதவாது என்று வாதாடுகிறார். தனிமனித உழைப்பு, தனிச்சொத்து இவற்றில் நம்பிக்கை உள்ள தாராளவாதி அவர். அடுத்த ஆண்டே பெசன்ட், புரட்சி இல்லாமல் படிப்படியாகச் சோஷலிசம் கொண்டுவர நினைத்த ஃபேபியன் சோஷலிஸ்டுகளோடு சேர்கிறார். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கிறார். 1889இல் நாத்திகத்தையே விட்டுவிட்டுப் பிரம்மஞான சபையில் சேர்ந்துவிடுகிறார்.

ஒரே சங்கம், ஒரே வழக்கு, ஒரே கூண்டு. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவர் ஒரு திசை, மற்றவர் வேறு திசை. பொதுத்திட்டம் ஒன்று இருந்திருந்தால் அது இந்த இரண்டு பேரிடமாவது இருந்திருக்க வேண்டாமா?

[இசை, சின்ன இடைவெளி]

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. சிலர் ஏறுகிறார்கள், சிலர் ஏறவில்லை. ஏறியவர்கள் எங்கே போவார்கள் என்று பஸ்ஸின் பலகையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஏறாதவர்கள்? ஒருவர் எதிர்த்திசையில் போக நிற்கிறார். ஒருவர் நடந்தே போகப் போகிறார். இன்னொருவர் யாரையோ வழியனுப்ப வந்தவர். "இவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறவில்லை" என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர்கள் போகும் ஊரைச் சொல்ல முடியாது.

நாத்திகம் என்பது ஒரு கேள்விக்குச் சொல்லும் ஒரு பதில். கடவுள் இருக்கிறாரா? நான் நம்பவில்லை. அவ்வளவுதான். சொத்து யாருக்கு, போர் சரியா, பெண்ணுக்கு என்ன உரிமை, அரசு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில்களை ஒவ்வொருவரும் வேறு இடத்திலிருந்துதான் எடுத்துவருகிறார்கள்.

'நாத்திகன்' என்ற சொல்லே ஒரு காலத்தில் கடவுளைப் பற்றியதாக இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேதத்தைப் பழிப்பவன் நாத்திகன் என்கிறது மனுஸ்மிருதி. அந்தக் கணக்கில் சமணரும் பௌத்தரும் நாத்திகர்கள். படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்காத, வேதச் சடங்குகளை ஆராய்ந்த தத்துவப் பிரிவினரான மீமாம்சகர்களோ வேதத்தை ஏற்றதால் ஆத்திகர்கள்! இன்றைய அர்த்தத்தை அன்றைய சொல்லில் ஏற்றி, "இரண்டாயிரம் வருட நாத்திக மரபு" என்று ஒரே கோடு போடுவதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. இரண்டு தரப்பும் அந்தக் கோட்டைப் போடுகின்றன. பெருமைக்காக ஒரு தரப்பு, பயமுறுத்துவதற்காக இன்னொரு தரப்பு.

சரி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

[திரையில்: நான்கு படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக]

1920இல் பிரிட்டிஷ் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ரஷ்யா போய் லெனினைச் சந்திக்கிறார். இரண்டு பேருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. கட்டிப்பிடித்துக்கொண்டார்களா? ரஸ்ஸல் திரும்பி வந்து லெனின் கட்சியின் கொள்கையான போல்ஷ்விசத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். அதுவே ஒரு மதம்போல் இருக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1926இல் அதே ரஷ்யாவை விட்டு அமெரிக்கா போன எழுத்தாளர் அயன் ராண்ட் இன்னொரு ரகம். கடவுள் கிடையாது, முதலாளித்துவமே அறம் என்று சொன்னவர். 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கம்யூனிசத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

இந்தியாவிலும் இதே கதைதான். நாத்திகர் என்றே பலரும் குறிப்பிடும் சாவர்க்கர் இந்துத்துவத்தை ஓர் அரசியல் கோட்பாடாக வகுத்தார். பெரியார் சாதியையும் அதற்குத் துணைநிற்கும் மதத்தையும் எதிர்த்து இயக்கம் கட்டினார். பகத்சிங் சமதர்மப் புரட்சி கேட்டார். தாம் ஏன் நாத்திகர் என்று 1930இல் லாகூர்ச் சிறையில் இருந்து அவர் எழுதிய கட்டுரையை ஜீவா தமிழாக்கினார். பெரியாரின் இயக்கம் அதை வெளியிட்டது. எழுதியவர், மொழிபெயர்த்தவர், வெளியிட்டவர் மூவரும் நாத்திகர்கள். ஆனால் கொஞ்ச நாளிலேயே சமதர்மப் பிரச்சாரத்தைத் தொடர்வதா என்ற கேள்வியில் ஜீவா பெரியாரை விட்டுப் பிரிந்துவிட்டார். கடவுள் விஷயத்தில் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

"அப்படியானால் மதத்தை ஒழிப்பதே திட்டம் என்று கிளம்பிய நாத்திகர்கள் யாருமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தார்கள். இதை மழுப்பக் கூடாது. சோவியத் ஒன்றியத்தில் 1925இல் தொடங்கிய நாத்திகர் சங்கம் அரசின் ஆதரவோடு மதத்துக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தது. அங்கே தேவாலயங்கள் மூடப்பட்டன, பாதிரியார்கள் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அல்பேனியாவில் என்வர் ஹோஜா 1967இல் மசூதி, தேவாலயம் என்று எல்லா வழிபாட்டிடங்களையும் மூடி, உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்துக்கொண்டார். அது திட்டம்தான். கொடூரமான திட்டம்.

ஆனால் அது யாருடைய திட்டம்? தனக்கு வெளியே வேறு எந்த அமைப்பும் இருக்கக் கூடாது என்று நினைத்த ஒரு கட்சியுடையது. அதே கட்சிதான் போட்டிக் கட்சிகளையும் சுதந்திரமான பத்திரிகைகளையும் சேர்த்தே ஒழித்தது. கடவுளை நம்பாத எதிர்க்கருத்துக்காரரும் அங்கே தப்பவில்லை. ஸ்டாலினோடு மோதி, நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட ட்ராட்ஸ்கி என்ன, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவரா? நாத்திகம் அந்தக் கொடுமையைத் தடுக்கவில்லை என்பது உண்மை. தடுப்பதற்கான விதி எதுவும் அதற்குள் இல்லை, ஏவுவதற்கான விதியும் இல்லை.

கணக்கெடுப்புகள் என்ன சொல்கின்றன? இது கொஞ்சம் சிக்கலான இடம்.

[திரையில்: வட்ட வரைபடம்]

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில், வயது வந்தோரில் 28 சதவீதம் பேர் மதம் எதையும் சாராதவர்கள். இந்த 28ஐ அப்படியே நாத்திகர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நிறைய. ஆனால் அவர்களில் தம்மை நாத்திகர் என்று சொன்னவர்கள் 17 சதவீதம்தான். கடவுள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்றவர்கள் 20 சதவீதம். மீதி 63 சதவீதம் பேர் "குறிப்பாக எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர்களிலும் 23 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மேலான சக்தியில் நம்பிக்கை உண்டாம்! ஒரே கேள்விக்கே ஒரே பதில் வரவில்லை.

இன்னொரு எண், என் வாதத்துக்கு எதிரானது. அமெரிக்க நாத்திகர்களில் பத்தில் ஏழு பேர் டெமாக்ரடிக் கட்சிப் பக்கம் சாய்கிறார்கள். இது பெரிய சாய்வு. இதைப் பார்த்துவிட்டு 'ஒரே அஜெண்டா' என்று யாராவது சொன்னால் அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 1970களின் இறுதியில் இருந்து அங்கே பழமைவாதக் கிறித்துவ அமைப்புகள் ரிபப்ளிகன் கட்சியோடு கைகோத்துவிட்டன. மதம் ஒரு கட்சியின் கொடியில் ஏறியதும், மதம் வேண்டாம் என்றவர்கள் மறுபக்கம் ஒதுங்கினார்கள். சீனாவைப் பாருங்கள். அங்கே ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர்கள் நாத்திகர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே நாத்திகம் என்றால் அதிகாரத்தின் பக்கம். நம்பிக்கையின்மை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், அரசியல் வேறு. சாய்வைத் தீர்மானிப்பது அந்தந்த நாட்டில் மதம் யாரோடு நிற்கிறது என்பது.

நம் காலத்து உதாரணமும் ஒன்று உண்டு. ரிச்சர்ட் டாக்கின்ஸ், டேனியல் டெனெட், சாம் ஹாரிஸ், கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் என்ற, மதத்தை விமர்சித்துப் புத்தகம் எழுதிப் பேர்பெற்ற நால்வரும் 2007இல் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிய பதிவு உலகம் முழுக்கப் பரவியது. தலைமைக் குழு என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் ஈராக் போரை ஹிச்சன்ஸ் ஆதரித்தார், டாக்கின்ஸ் எதிர்த்தார். 2012இல், நாத்திகத்தோடு பெண் உரிமை, சமூக நீதி எல்லாவற்றையும் சேர்த்து 'நாத்திகம் பிளஸ்' என்று ஒன்று அமெரிக்காவில் கிளம்பியது. அதாவது, பொதுத்திட்டம் ஒன்றை வெளிப்படையாகவே உருவாக்கிப் பார்த்தார்கள். நாத்திகர்களிடமிருந்தே பலத்த எதிர்ப்பு, வசவு, பிளவு. சீக்கிரமே அடங்கிவிட்டது. டாக்கின்ஸுக்கு 1996இல் கொடுத்த விருதை அமெரிக்க மனிதநேயர் சங்கம் 2021இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ரகசியத் திட்டம் வகுக்கும் கூட்டம் இதைவிடக் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்ளும்!

அப்படியானால் பொதுவாக ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வெளியில் இருந்து வருகிறது.

சவூதி அரேபியா 2014இல் வெளியிட்ட விதிகளில் நாத்திகச் சிந்தனைக்கு அழைப்பு விடுப்பதையும் பயங்கரவாதம் என்று சேர்த்தது. 2015இல் நாத்திக எழுத்தாளர் அவிஜித் ராய் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1961 வரை அமெரிக்காவின் மேரிலாந்தில், கடவுள் இருக்கிறார் என்று அறிவித்தால்தான் நோட்டரி பதவிகூடக் கிடைக்கும். ராய் டோர்காசோ என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அதை உடைத்தார். இப்படிப்பட்ட இடங்களில், வேறு எதிலும் ஒத்துப்போகாத நாத்திகர்கள்கூட "நம்பாததற்காக எங்களைத் தண்டிக்காதீர்கள்" என்பதில் ஒத்துப்போவார்கள்.

ஆனால் அதுவும் நாத்திகருக்கு மட்டும் சொந்தமான கோரிக்கை இல்லை. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பைக் கட்டாயமாக நடத்தக் கூடாது என்று 1963இல் தீர்ப்பு வந்தது. அதில் இரண்டு வழக்குகள் சேர்த்து விசாரிக்கப்பட்டன. ஒன்று மடலின் மர்ரி தொடுத்தது. பேர்போன நாத்திகர், ஊரே திட்டியது. மற்றொன்று ஷெம்ப் குடும்பத்தினர் தொடுத்தது. அவர்கள் நாத்திகர்கள் இல்லை, கிறித்துவத்தில் இருந்து கிளைத்த யூனிடேரியன் சபையைச் சேர்ந்தவர்கள். பள்ளியில் படிக்கப்பட்ட விதம் தங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் அவர்களின் வழக்கு. தீர்ப்பு இருவருக்கும் சேர்த்தே வந்தது.

[திரையில்: மீண்டும் பிராட்லா]

பிராட்லா உள்ளே போனதும் என்ன செய்தார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மதத்தை ஒழிக்கும் சட்டமா? 1888இல் அவர் முயற்சியில் நிறைவேறியது உறுதிமொழிச் சட்டம். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்ல அதில் இரண்டு காரணங்கள் ஏற்கப்படும். மத நம்பிக்கை இல்லை என்று சொல்லலாம். அல்லது, சத்தியம் செய்வதே என் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று சொல்லலாம்.