வாதனாபேயை எழுப்பியது வருத்தம்தான்

நடுவர் அவர்களே, சபையோர்களே, வணக்கம்.

1952-இல் அகிரா குரோசாவா எடுத்த ‘இகிரு’ படத்தை வைத்துத்தான் இன்றைய வழக்கு. முப்பது வருடம் கோப்புகளில் முத்திரை குத்திய ஒரு நகராட்சி அதிகாரிக்கு வயிற்றில் புற்றுநோய். மிச்சமிருக்கும் சில மாதங்களில், சாக்கடை தேங்கிய ஓர் இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா கட்டிவிட்டுச் சாகிறார். அவரை எழுப்பியது மரண பயமா, வாழாமல் விட்ட வாழ்க்கையை எண்ணி வந்த வருத்தமா?

என் கட்சி வருத்தம், எதிரணியின் கட்சி பயம். “நோயைக் காட்டிய எக்ஸ்ரே இல்லையென்றால் பூங்கா இல்லை” என்றார் எதிரணித் தலைவர். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், வசனம் நன்றாக இருந்தது. ஆனால் படத்தில் அப்படி இல்லையே ஐயா!

பயம் வந்ததும் அந்த அதிகாரி, கஞ்சி வாதனாபே (சிரிக்காதீர்கள், ஜப்பானியப் பெயர்) என்ன செய்தார்? சேமிப்பிலிருந்து ஐம்பதாயிரம் யென் எடுத்தார். முன்பின் தெரியாத ஓர் எழுத்தாளரோடு இரவு முழுக்கக் குடித்தார், பச்சின்கோ என்னும் சூதாட்டப் பொறியில் ஆடினார். கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு புதுத் தொப்பி. பயம் வாங்கிக் கொடுத்தது அவ்வளவுதான்.

அப்புறம் வருகிறாள் அந்தப் பெண். அவருடைய அலுவலகத்தில் சலித்துப்போய் வேலையை விட்டவள். அவருக்கு அவள் வைத்த பட்டப்பெயர் மம்மி. அம்மா மம்மி இல்லை, எகிப்து மம்மி! ‘மகனுக்காகத்தான் இப்படி ஆனேன்’ என்கிறார் மனிதர். ‘உங்கள் மகனா உங்களை மம்மி ஆகச் சொன்னார்?’ என்று திருப்பிக் கேட்கிறாள். பழி போட இனி ஆள் இல்லை. என் கட்சிப்படி, அந்த இடத்தில்தான் அவருக்கு உண்மையான வைத்தியம் தொடங்குகிறது.

அவள் இப்போது பொம்மைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். சாவி கொடுத்தால் தாவும் ஒரு முயலை மேஜைமேல் விடுகிறாள். இதைச் செய்தால் ஜப்பானில் உள்ள குழந்தைகள் எல்லோரோடும் விளையாடுவது போல இருக்கிறது என்கிறாள். அவர் முயலைப் பார்க்கிறார். ‘இன்னும் நேரம் போய்விடவில்லை’ என்று முயலை அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். நோய் அவருக்கு எப்போதோ தெரியும். அந்த நொடியில் புதிதாக வந்தது நோய் இல்லை ஐயா. அந்தச் சாக்கடை இடத்தைப் பூங்காவாக்கக் கேட்டு வந்து, தன் துறையே துரத்திவிட்ட பெண்களின் மனுவை அவர் மறுபடி கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார், மழுப்ப மாட்டேன். துக்க வீட்டில் சக ஊழியர்கள் எல்லோரும் வருந்தி அழுகிறார்கள், இனி அவரைப் போல உழைப்போம் என்று சபதம் போடுகிறார்கள். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. வருத்தத்துக்குச் சக்தி இருந்தால் அவர்கள் ஏன் மாறவில்லை?

அவர்கள் அழுதது வாதனாபேக்காக. தங்கள் நாற்காலியில் வீணான வருடங்களுக்காக யார் அழுதார்கள்? அதிலும் பாதிக் கண்ணீர் சாக்கே என்னும் ஜப்பானிய மதுவின் கண்ணீர். ஒரே ஒருவர், கிமுரா, மறுநாள் அலுவலகத்தில் கோபமாக எழுந்து நிற்கிறார். நின்றவர் பேசாமல் உட்கார்கிறார், காகிதக் குவியலுக்குப் பின்னால் முகம் மறைந்துபோகிறது. அந்த ஒருவருக்கு வருத்தம் பாதி வேலை செய்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு காட்சி. பூங்கா வேலை நடக்கும் நாளில் வாதனாபே வானத்தைப் பார்த்து நிற்கிறார். எவ்வளவு அழகு, முப்பது வருடமாக அந்திச் சூரியனைப் பார்க்கவே இல்லையே என்கிறார். பிறகுதான், நேரமில்லை என்று நடக்கிறார். நேரமில்லை என்பதை மட்டும் எதிரணி பிடித்துக்கொண்டது. முதல் வரியை விட்டுவிட்டார்கள்.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன். படத்தில் அவர் ஒரே பாட்டை இரண்டு முறை பாடுகிறார், 1915-இல் வந்த பழைய பாட்டு. முதல் முறை மதுக்கூடத்தில், கண்ணீர் வழிய. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல விலகுகிறார்கள். இரண்டாவது முறை, கொட்டும் பனியில், தான் கட்டிய பூங்காவின் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே. ரோந்து வந்த போலீஸ்காரர் பார்த்துவிட்டு, யாரோ குடிகாரர், சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துப் போய்விட்டார்.

பயந்த குரல் எது என்று நடுவர் அவர்களே சொல்லட்டும்.